தட்டில் படிந்த ஊவா

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டம். லயத்துக் காம்பிரா மூலையில் கிடந்த தகரப்பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது மணம்தான். ஈரக் காகிதமும் அடுப்புப் புகையும் சேர்ந்த மணம். உள்ளே ஏழு அங்குல இசைத்தட்டுகள் இருபதுக்கு மேல் இருந்தன. அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் திருவிழாக்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவரின் பெட்டி அது. மேலாக இருந்த முருகன் பாட்டுத் தட்டை எடுத்தவர், சாரத்து நுனியால் துடைக்கப் போனார்.

“தொடைக்காதீங்கய்யா” என்றேன்.

“பூஞ்சணம் புடிச்சிருக்கே தம்பி. இது எத்தனை திருழாவுக்குப் பாடுன ரெக்கோட்டு தெரியுமா?”

அவர் பெருமையாகச் சொன்ன அந்தச் சொல்லை நான் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். எத்தனை திருவிழா என்று ஒரு தட்டைப் பார்த்து எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குள் ஓடியதா வெளியில் ஓடியதா, எவ்வளவு பாரமான ஊசியின் கீழ் ஓடியது, இரண்டு பக்கமும் ஓடியதா ஒன்று மட்டுமா, எப்படிப்பட்ட ஈரத்தில் கிடந்தது என்பதையெல்லாம் தட்டே சொல்லும். பழைய தட்டு வாங்குகிறவர் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்: எந்த அச்சு, என்ன நிலை. அச்சு தட்டின் பிறப்பைச் சொல்கிறது, நிலை அது வாழ்ந்த வாழ்வைச் சொல்கிறது. சந்தையில் வாழ்வுக்கு மதிப்பில்லை. எவ்வளவு வாழ்ந்ததோ அவ்வளவுக்கு விலையில் கழித்துவிடுவார்கள். மலையகத் தட்டுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் எண்ணம். தோட்டத்தின் பேரேடுகளில் பிரட்டுக்கு வந்த ஆட்களும் எடுத்த கொழுந்தின் இறாத்தலும் உண்டு. வேலை முடிந்து வந்தவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்கு அங்கே பத்தி கிடையாது. அந்தப் பத்தியைத் தேய்ந்த தட்டுகளிலிருந்துதான் நிரப்பவேண்டியிருக்கிறது.

தட்டைப் பார்க்க முதலில் வேண்டியது சரியான வெளிச்சம். குழல்விளக்கின் கீழ் எல்லாத் தட்டும் நல்ல தட்டுதான். பரவலான ஒளி கீறலை மறைத்துவிடும். ஒற்றைக் குமிழ் விளக்கோ வாசல் வழியாகச் சாய்ந்து விழும் காலை வெயிலோ வேண்டும். விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுத் தட்டைப் பிடித்து, ஒளி அதன்மேல் வழுக்கிப் போகும்படி மெல்லச் சாய்த்துத் திருப்ப வேண்டும். புதுத் தட்டில் ஒளி இரண்டு பக்கமும் விசிறிபோலக் கூராக விரியும். தேய்ந்ததில் அந்த விசிறி மங்கிச் சாம்பல் நிறமாகும்.

பதுளைப் பக்கத்துத் தட்டுகளில் சாம்பல் நிறத்துக்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பூஞ்சணம், மற்றது தேய்மானம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் எத்தனையோ நல்ல தட்டுகள் குப்பைக்குப் போயிருக்கின்றன. இதற்கு ஊவாவின் காலநிலையைத் தெரிந்திருக்க வேண்டும். மலைநாட்டின் மேற்குச் சரிவு ஆனி, ஆடியில் மழையில் நனையும்போது இந்தப் பக்கம் வறண்ட காற்று வீசும். கொழுந்தின் ஈரத்தை உறிஞ்சி ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணத்தைக் கொடுப்பது அந்தக் காற்றுதான். அதையே ‘ஊவா சீசன்’ என்கிறார்கள். மழை வருவது பெரும்பாலும் ஐப்பசி தொடங்கித் தை வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு. மாசி, பங்குனியில் காமன் கூத்து, பிறகு மாரியம்மன் திருவிழாக்கள், ஆடியில் இதே ஊவா மாகாணத்தின் தென்கோடியிலுள்ள கதிர்காமத்துக் கொடியேற்றம் என்று தட்டுகள் அதிகம் ஓடியது வெயிலிலும் புழுதியிலும். மழைக்காலத்தில் அவை பெட்டிக்குள் கிடந்தன. ஆகவே புழுதியின் அராவலும் ஈரத்தின் பூஞ்சணமும் ஒரே தட்டில் மாறி மாறிப் படிந்தன. கொழும்பில் ஒரு வீட்டு அலமாரியில் இருந்த தட்டில் இந்தக் கலவையைக் காண்பது அரிது.

பூஞ்சணம் வினைலைத் தின்பதில்லை. உறைக் காகிதம், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு, அடுப்பிலிருந்து வந்து படிந்த புகைக்கரி ஆகியவைதான் அதற்கு உணவு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வேர்போலக் கிளைவிட்டு, தடங்களைக் குறுக்காகக் கடந்து போகும். தேய்மானமோ தடங்களின் ஓட்டத்தோடு வட்டமாகவே போகும். ஒருபோதும் குறுக்கே போகாது. இந்த ஒரு வேறுபாடு போதும். குறுக்கே போகும் சாம்பல் கழுவினால் போய்விடும், வட்டமாகப் போகும் சாம்பலை எந்த நீரும் நீக்காது.

வட்டச் சாம்பல் எப்படி வந்தது என்பதில்தான் திருவிழாவின் கதை இருக்கிறது. இ.பி., எல்.பி. தட்டுகளின் நுண்தடத்தில் ஓடும் ஊசியின் முனை ஏறத்தாழ 18 முதல் 25 மைக்ரான் ஆரம் கொண்டது. இன்றைய நல்ல காந்த வகை ஊசிப்பெட்டி இரண்டு கிராம் அளவுக்கே தடத்தை அழுத்தும். ஒலிபெருக்கிக் கருவிகளோடு வந்த பழைய படிக வகை ஊசிப்பெட்டிகளின் அழுத்தம் ஐந்து கிராமுக்கு மேலும் போகும். இரண்டுக்கும் ஐந்துக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். ஆனால் அந்த எடை முழுவதும் தூசியளவு இடத்தில் இறங்குகிறது. ஊசி தேய்ந்து உளிபோலத் தட்டையாகிவிட்டால் அது தடத்தின் சுவரைச் செதுக்கவே தொடங்கும். முதலில் போவது நுண்மையான நெளிவுகள், அதாவது உச்ச ஒலிகள். பாடகர் ‘ச’, ‘ஸ’ என்று உச்சரிக்கும் இடங்களில் காற்றுச் சிதறல்போலக் கரகரக்கும். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது பிளந்து கேட்கும்.

பாட்டின் தொடக்கத்தைவிட முடிவில் இது கூடுதல். தட்டு சுற்றும் வேகம் மாறுவதில்லை, ஆனால் உட்புறம் போகப்போக வட்டம் சிறுக்கிறது. எல்.பி.யின் வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் தடம் ஊசிக்கடியில் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர் அளவுதான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதித்திருப்பதால், தேய்ந்த ஊசி அந்த நெளிவுகளைத் தொடர முடியாமல் சுவரில் மோதுகிறது. ஆகவே ஒரு தட்டைச் சோதிக்கிறவர் முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத் திருப்திப்படக் கூடாது. கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தைக் கேட்க வேண்டும்.

கீறல்கள் பார்வைக்குப் பயமுறுத்தும், காதுக்கு அவ்வளவு இல்லை. நகத்தை மிக மெல்ல அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத மயிரிழைக் கீறல் பெரும்பாலும் பாட்டில் தெரியாது. தட்டுப்பட்டால் ‘டிக்’ ஒலி வரும், அதுவும் கணக்குத் தவறாமல். 45 சுற்றுத் தட்டில் 1.33 நொடிக்கு ஒரு முறை, 33⅓ சுற்றில் 1.8 நொடிக்கு ஒரு முறை, 78 சுற்றில் ஏறத்தாழ முக்கால் நொடிக்கு ஒரு முறை. ஒழுங்காகத் திரும்பி வந்தால் அது கீறல். ஒழுங்கில்லாமல் பொரிந்தால் தூசி, கழுவிப் பார்க்கலாம்.

தடங்களை விட்டு லேபிளுக்கு வாருங்கள். நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் சிலந்திக்கால்போல ஓடுகின்றனவா? தட்டைப் பார்க்காமலே, இருட்டிலோ அவசரத்திலோ, கம்பியில் மாட்டியதன் தடயம் அது. வீட்டில் நிதானமாகப் போட்ட தட்டில் இரண்டு மூன்று கோடு இருக்கும். அந்தத் தகரப்பெட்டித் தட்டில் லேபிளின் நிறமே துளையைச் சுற்றி உரிந்து, துளை ஒரு பக்கம் சற்று நீண்டுபோயிருந்தது. பாட்டு தொடங்கும் இடத்தில் மட்டும் கூடுதல் இரைச்சல் இருந்தால் வேறொரு பழக்கம் தெரியும். பாட்டு சரியான நொடியில் எடுக்க வேண்டுமென்று தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து ஊசியை நிறுத்திவைப்பது வானொலி அறிவிப்பாளர்களின் வழக்கம். சாமி தூக்கும் நேரத்துக்குச் சரியாகப் பாட்டு எடுக்க வேண்டிய ஸ்பீக்கர்காரருக்கும் அதே தேவை இருந்திருக்கும்.

உலகச் சந்தையில் இந்த நிலைகளுக்கு ஆங்கிலத்தில் தரப்பெயர்கள் உண்டு. அமெரிக்காவின் ‘கோல்ட்மைன்’ இதழ் பரப்பிய வரிசையில் ‘மிண்ட்’ தலையில், ‘நியர் மிண்ட்’, ‘வெரி குட் பிளஸ்’, ‘வெரி குட்’ என்று இறங்கி, ‘குட்’ கடைசிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. ‘குட்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கும் புதியவர் ஏமாந்துபோவார். அது தேய்ந்து கரகரக்கும் தட்டுக்கான சொல். தட்டுக்கும் உறைக்கும் தனித்தனியே தரம் போடுவது அந்த வரிசையிலுள்ள நல்ல பழக்கம். நம் தட்டுகளில் உறை இன்னும் முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி அச்சு. 1902 இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜான் முதலானோரைப் பதிவு செய்தபோது, மெழுகில் வெட்டிய பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த் தட்டுகளாகித் திரும்பின. 1908 இல் கல்கத்தா சியால்தாவில் கிராமபோன் கம்பெனி தன் ஆலையைத் தொடங்கியது. 1928 இல் டம் டம் ஆலை வந்தது. ஆகவே மிகப் பழைய தட்டொன்றில் ஹனோவர் என்ற பெயர் இருந்தால் அதன் வயதுக்கு அதுவே சாட்சி. பதுளையில் கிடைக்கக்கூடிய தமிழ்த் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை டம் டம் பிள்ளைகள். லேபிளில் எச்.எம்.வி.யின் நாய் இருக்கலாம், கொலம்பியா இருக்கலாம், ஓடியன் இருக்கலாம். 1931 இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. ஆனபோது ஜெர்மானிய ஓடியனும் அந்தக் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. சென்னையில் ஓடியன் தட்டுகளின் பெயரோடு ஒட்டியிருந்தது சரஸ்வதி ஸ்டோர்ஸ். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருமுன் தட்டு வியாபாரத்தில் நின்ற இடம் அது. சென்னையில் பாடி, கல்கத்தாவில் அச்சாகி, கடல் கடந்து, 1924 இல் பதுளை வரை வந்து முடிந்த ரயில்பாதையில் மலையேறி வந்த குரல்கள் இவை. அரக்குத் தட்டுகளின் விளிம்பில் காணும் சிறு சில்லு உடைப்புகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பயணம்தான் நினைவுக்கு வரும்.

ஒரே பாட்டு பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். எந்த முறை அச்சானது என்று அறிய லேபிளின் கீழ்விளிம்பில் பொடி எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரைப் படிக்க வேண்டும். அந்தப் பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 2000 இல் அந்தக் கம்பெனி சரிகம ஆனபோது இந்த வகைத் தட்டுகளின் காலம் முடிந்திருந்தது. 1965 இல் வந்த திருவிளையாடல் படத்தின் கதை வசன எல்.பி.யில் பிற்காலக் கம்பெனிப் பெயர் இருந்தால், படம் வந்த ஆண்டின் தட்டு அல்ல அது. படத்தின் ஆண்டையே தட்டின் ஆண்டாக எழுதிவிடுவது நம் சேகரிப்பாளர்களிடம் அதிகம் காணும் பிழை.

லேபிளைவிட நம்பத்தக்கது, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் உள்ள வழவழப்பான வளையம். அங்கே கையால் கீறியோ முத்திரை குத்தியோ எண்கள் இருக்கும். பாட்டை முதலில் அரக்குப் பூசிய அலுமினியத் தகட்டில் வெட்டுவார்கள், அதன்மேல் வெள்ளி பூசி நிக்கலால் எதிர்வடிவம் எடுப்பார்கள், அதிலிருந்து ‘தாய்’ எனப்படும் நேர்வடிவம், தாயிலிருந்து அச்சுகள். ஒவ்வொரு அச்சும் சில நூறு தட்டுகளிலிருந்து ஆயிரம், அதற்குச் சற்று மேல் வரை அடித்துவிட்டுக் கூர்மை இழக்கும். இங்கிலாந்தின் இ.எம்.ஐ. தட்டுகளில் எத்தனையாவது அச்சு என்பதை எழுத்துக் குறியீடாகவே போட்டார்கள். கிராமபோன் லிமிடெட் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்திலுள்ள பத்து எழுத்துகளில் முதல் ஒன்பதும் முறையே 1 முதல் 9 வரை, கடைசி எழுத்து பூச்சியம். தமிழ்த் தட்டிலும் அந்த வளையத்தைப் படித்து எழுதிவைப்பது நல்லது. ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளில் லேபிள் ஒன்றாகவும் வளையத்து எண் வேறாகவும் இருந்தால், இரண்டும் வேறு வேறு அச்சின் பிள்ளைகள்; பாட்டு நன்றாக விற்றிருக்கிறது.

மோனோவா ஸ்டீரியோவா என்பதை எண்ணின் முன்னெழுத்து சொல்லும். எச்.எம்.வி.யின் இந்திய எல்.பி.களில் ‘ஈ.சி.எல்.பி.’ மோனோ, ‘ஈ.சி.எஸ்.டி.’ ஸ்டீரியோ. திருவிழாத் தட்டுக்கு இது வெறும் எண் விவகாரம் அல்ல. மோனோத் தடத்தில் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசைகிறது. ஸ்டீரியோத் தடத்தில் மேலும் கீழுமாகவும் அசைய வேண்டும். பழைய மோனோ ஊசிப்பெட்டிக்கு மேல்கீழ் நெளிவு வராததால் ஸ்டீரியோத் தட்டை அது உழுதுவிடும். ஒரே பெட்டியில் மோனோத் தட்டுகள் பிழைத்து, பின்னால் வந்த ஸ்டீரியோத் தட்டுகள் மோசமாகச் செத்திருப்பதற்குக் காரணம் தட்டின் தரமல்ல, காலத்தோடு மாறாத கருவி. புதுக் கருவி வாங்கப் பணமில்லாத தோட்டத்தில் இது நடக்காமல் இருந்திருக்க முடியாது.

அரக்குத் தட்டுகளுக்கு வேறு பாடம். சோட்டா நாக்பூர்ப் பக்கத்து மரங்களில் அரக்குப்பூச்சி விடும் பிசினோடு கல்தூள், கரித்தூள், பஞ்சிழை எல்லாம் கலந்து செய்தவை அவை. கல்தூள் வேண்டுமென்றே சேர்த்தது. எஃகு ஊசி முதல் சில சுற்றுகளில் அதில் உராய்ந்து தடத்தின் வடிவத்துக்குத் தன்னை ஆக்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. ஊசியை மிச்சம் பிடித்தவர்களின் தட்டுகள் உட்புறம் வெளுத்துப்போயிருக்கும். 78 சுற்றுத் தட்டுகள் அமெரிக்காவில் 1950களோடு முடிந்தபின்னும் இந்தியாவில் 1960களின் பிற்பகுதி வரை அச்சாயின. பீட்டில்ஸின் பாட்டுகளே அங்கே 78இல் வந்தன, இன்று உலகச் சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். சாவி கொடுத்தால் ஓடும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். கம்பி வராத கிராமங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான், லயங்களுக்கும் அதுவே பொருந்தியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். அரக்கு சாராயத்தில் கரையும். வினைலுக்குச் சரியான மருந்து அரக்குக்கு நஞ்சு.

லயத்தில் எத்தனை பேரிடம் தட்டு இருந்திருக்கும்? மிகச் சிலரிடம். பெரும்பாலோர் தட்டைக் கண்ணால் கண்டது கோயில் பந்தலில். மற்ற நாளெல்லாம் காதுக்கு வந்தது இலங்கை வானொலி. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இரண்டாண்டுக்கு முன் வர்த்தக சேவை தொடங்கியிருந்த கொழும்பு நிலையத்தின் பக்கம் தமிழ்நாடே காதைத் திருப்பியது. அந்த நிலையத்தின் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனனின் குரலைக் கேட்டவர்கள் இரு கரையிலும் இருந்தார்கள். எந்தப் பாட்டு கேட்கத் தகுந்தது என்பதை மலையகத்துக்கு வானொலி சொன்னது. அதில் எதைத் திருவிழாவுக்குக் காசு கொடுத்து வாங்குவது என்பதைத் தோட்டம் தீர்மானித்தது. ஆகவே ஸ்பீக்கர்காரரின் பெட்டி ஒரு தனி மனிதரின் ரசனை அல்ல, பல தோட்டங்கள் கூடிச் செய்த தேர்வு. அதிலும் எது அதிகம் தேய்ந்ததோ அது அதிகம் கேட்கப்பட்டது. வானொலியின் விருப்பப் பட்டியலில்கூட இவ்வளவு துல்லியம் கிடைக்காது.

பிறகு கலைந்தன பெட்டிகள். 1964 அக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் மலையகத்தவர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்டவர்கள் எதை எடுத்துச் செல்வது, எதை விற்பது என்று ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். உடையக்கூடிய தட்டுகள் பல பக்கத்துக் காம்பிராவுக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம். அந்தத் தகரப்பெட்டியில் மூன்று உறைகளில் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயர் வேறு கையெழுத்தில் இருக்கிறது. ஒன்றில் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரும் டிவிஷனும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில் பழைய தட்டே திரும்பத் திரும்ப ஓடியது. 1977க்குப் பிறகு ஜப்பானியக் கசட் கருவிகள் வந்தன, ரெக்கோடிங் பார்கள் வந்தன, தட்டு மூலைக்குப் போனது. 1983 ஜூலையில் பதுளை நகரின் தமிழ்க் கடைகள் எரிந்தன. கடையில் இருந்தவை போயின; தோட்டத்துப் பெட்டியில் தேய்ந்து கிடந்தவையே மிஞ்சின.

அதனால்தான் உறையைப் பற்றிச் சொன்னேன். உறையிலுள்ள பெயர், விலை முத்திரை, கடையின் சிட்டை, பென்சிலில் போட்ட வரிசை எண் எல்லாவற்றையும் கழுவுமுன் படம் எடுங்கள். பூஞ்சணம் பிடித்த உள்ளுறையை மாற்றுங்கள், ஆனால் எறியாதீர்கள். வெயிலில் காட்டித் தனியே வையுங்கள். உறையைத்தான் வெயிலில் காட்டலாம், தட்டை அல்ல. வினைல் 60 பாகைச் செல்சியசைத் தாண்டினால் இளகத் தொடங்கும். தகரக் கூரையை ஒட்டி வைத்த தட்டுகள் கிண்ணம்போல வளைவது அதனால்தான். வடித்த நீரில் ஒரு துளி மணமில்லாச் சவர்க்காரம், மென்மையான தூரிகை, தடங்களின் ஓட்டத்தோடு வட்டமாகத் தேய்த்தல், மறுபடி வெறும் வடித்த நீர், நிழலில் நிறுத்தி உலர்த்தல். லேபிளில் நீர் படக் கூடாது. இவ்வளவுதான்.

அந்த முருகன் பாட்டுத் தட்டை அவருடைய வாசலிலேயே கழுவினோம். நான் கொண்டுபோயிருந்த சிறு பிளேயரில் வைத்து, ஊசியை லேசாக்கி இறக்கினேன். முதல் பக்கம் அவர் சொன்னதற்குச் சாட்சி சொன்னது. குரலைச் சுற்றி ஒரு காற்று இரைந்துகொண்டே இருந்தது, பல்லவி வரும் இடமெல்லாம் கரகரத்தது, 1.33 நொடிக்கு ஒரு டிக். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்த டிக்குக்குச் சரியாக விரலைத் தட்டினார். பிறகு தட்டைத் திருப்பினேன். வெயிலில் அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடிபோல மின்னியது. விசிறி கூராக விரிந்தது. பாட்டு எடுத்ததும் ஒரு இரைச்சலும் இல்லை. தாளக்காரரின் விரல் தோலில் படுவதுகூடத் தனியாகக் கேட்டது. அவர் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார்.

“இந்தப் பாட்ட நான் போட்டதே இல்ல தம்பி” என்றார். “சாமி தூக்குற நேரம் எல்லாரும் அந்தப் பாட்டத்தான் கேப்பாங்க. இத திருப்பிப் போட நேரமே வரல.”

பாட்டு முடியும்வரை கேட்டார். முடிந்ததும் ஊசியை அவரே எடுத்து மறுபடி தொடக்கத்தில் வைத்தார்.